ஆலைதோறும் சென்ற அம்மையார்

சங்க மலருக்கு அறிவியல் மாணவர் ஒருவரும் எழுத வேண்டும் என்று செயலர் கேட்டபோது, நான் இராமனைப் பற்றியோ மேரி கியூரியைப் பற்றியோ எழுதுவேன் என்று நண்பர்கள் எண்ணினார்கள். அவர்களைப் பற்றி எழுதப் பலர் உளர். நான் எடுத்துக்கொண்டவர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார். தம் நாட்டில் அவர் புகழ் பெற்றவர். 1995-இல் அமெரிக்க அரசு அவர் உருவத்தை அஞ்சல் தலையில் பொறித்தது. ஆனால் வேதியியல் பயிலும் நம்மவரிடையே அவர் பெயரைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலர். அவர் புதிய தனிமம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. விதி எதையும் வகுக்கவில்லை. தொழிலாளர் வேலை செய்யும் இடத்திற்கு நேரே போய்ப் பார்த்தார். மறுபடியும் போய்ப் பார்த்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இதையே செய்தார்.

1869-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்த ஆலிஸ், இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேன் நகரில் வளர்ந்தார். பாட்டனார் காலத்துப் பெரிய வீடு. சுற்றிலும் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள். ஏறக்குறைய நம் ஊர்க் கூட்டுக் குடும்பம் போன்ற வாழ்க்கை. பிள்ளைகளுக்கு மொழியும் இலக்கியமும் வீட்டிலேயே கற்பித்தார்கள். அறிவியல் மட்டும் அந்தப் படிப்பில் பெயரளவுக்குக்கூட இல்லை. தமக்கை ஈடித் ஹாமில்டன் பின்னாளில் கிரேக்கப் புராணங்களை எழுதிப் பெயர் பெற்றார். ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் அந்த ஹாமில்டனை அறிவார்கள். தந்தையாரின் மளிகை மொத்த வாணிகம் நொடித்துப் போகவே, பெண் மக்கள் தாமே சம்பாதிக்க வேண்டிய நிலை வந்தது. ஆலிஸ் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு அவர் பின்னர்ச் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அறிவியலில் ஆர்வம் என்றோ, நோயாளிகள்மேல் இரக்கம் என்றோ அவர் சொல்லவில்லை. மருத்துவராக இருந்தால் தொலைநாட்டுக்கும் போகலாம், நகரத்துச் சேரிக்கும் போகலாம், எங்கே போனாலும் பயன்படலாம் என்பதுதான் அவர் சொன்ன காரணம். எங்கும் நுழைய வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலேயே இருந்திருக்கிறது.

1893-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளுக்கு மருந்தெழுதுவதைவிட ஆய்வுக்கூடமே தமக்கு ஏற்றது என்று தெளிந்து, 1895-இல் தமக்கையுடன் ஜெர்மனி சென்றார். லைப்சிக்கிலும் மியூனிக்கிலும் நுண்ணுயிரியல் கற்றார். பெண்கள் வகுப்பில் அமரலாம், ஆனால் இருப்பது தெரியாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே அவருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. 1897-இல் சிகாகோவில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றில் நோய்க்குறியியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. அவர் சிகாகோவுக்கு விரும்பிப் போனதற்கு வேலை பாதிக் காரணம்தான். மற்றப் பாதி, ஹல் ஹவுஸ்.

ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889-இல் தோழி ஒருவருடன் தொடங்கிய இல்லம் அது. இத்தாலியர், கிரேக்கர், போலந்து நாட்டார், ரஷ்யாவிலிருந்து வந்த யூதர் என்று, வந்தேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியின் நடுவில் படித்த பெண்கள் குடியிருந்து அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஆலிஸ் பகலில் பாடம் நடத்துவார். மற்ற நேரத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, எடை பார்த்து, தாய்மாருக்கு அறிவுரை சொல்வார். அந்த வீட்டில் உடன் இருந்தவர்களுள் ஒருவர் ஃப்ளாரன்ஸ் கெல்லி. இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக 1893 முதல் 1897 வரை இருந்தவர் இந்தக் கெல்லி அம்மையார்தாம். உணவு மேசையில் பேச்சு தொழிற்சாலைகளைப் பற்றியே ஓடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. மொழி தெரியாத ஊரில், எந்த வேலை கிடைத்தாலும் சரி என்று வந்து நிற்பவனுக்கு எத்தகைய வேலை கிடைக்கிறது என்பதை ஆலிஸ் அந்தத் தெருக்களில் கண்டார். நாமும் மொழி தெரியாமல் வந்து இறங்கியவர்கள்தாம். நம் கையில் பட்டப்படிப்பு இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1902-இல் சிகாகோவில் குடற்காய்ச்சல் பரவியது. ஹல் ஹவுஸைச் சுற்றிய பகுதியில் இறப்பு மிகுந்தது. திறந்த கழிப்பிடங்களில் மொய்த்த ஈக்களை ஆலிஸ் பிடித்துச் சோதித்துக் குடற்காய்ச்சல் நுண்ணுயிர் இருப்பதைக் காட்டினார். கட்டுரை வெளியாயிற்று, பாராட்டுக் குவிந்தது, நகர சுகாதாரத் துறையும் திருத்தி அமைக்கப்பட்டது. சில காலம் கழித்து வேறொரு செய்தி அவர் காதுக்கு எட்டியது. அந்தப் பகுதியில் குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை நீர் கலந்திருந்தது. அதைத் துறையினர் வெளியே சொல்லாமல் மறைத்திருந்தனர். கொள்ளைநோய்க்கு முதன்மைக் காரணம் அதுவே. தம் ஈக் கட்டுரையைப் பற்றிப் புகழ்ந்து பேசுவோரிடம் அவர் வாழ்நாள் முழுதும் இந்த உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நுண்ணோக்கியில் தெரிந்தது பொய்யில்லை. ஆனால் கொன்றது அதுவன்று, ஒருவரும் தோண்டிப் பார்க்காத மண்ணுக்கடியில் கிடந்த குழாய். பின்னாளில் எந்த ஆலைக்குப் போனாலும் அவர் காட்டிய எச்சரிக்கைக்கு இதுவே வித்து என்று நான் நினைக்கிறேன்.

தொழில் நோய்கள் பற்றி ஐரோப்பாவில் அப்போது நிறைய நூல்கள் இருந்தன. இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். 1898-இல் மருத்துவ ஆய்வாளர் ஒருவரும் அமர்ந்தார். அமெரிக்காவில் ஆலிஸ் தேடிப் பார்த்தபோது சொல்லத்தக்க நூலே இல்லை. எங்கள் ஆலைகள் உயர்ந்தவை, ஆகவே இங்கே அத்தகைய நோய் இல்லை என்று மருத்துவர்களே நம்பினார்கள். யாரும் பார்க்காததால் இல்லை என்று ஆகிவிட்டது. 1910-இல் இல்லினாய் ஆளுநர் டெனீன் அமைத்த குழுவின் சார்பில், மாநிலம் முழுவதும் தொழில் நோய்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பு ஆலிஸிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது 41. இளம் மருத்துவர்கள், மாணவர்கள், சமூகப் பணியாளர்கள் எனச் சிறு படை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். தமக்கென அவர் எடுத்துக்கொண்ட பகுதி ஈயம்.

ஈய வெள்ளை என்ற சாயப் பொருளை நம்முள் சிலர் அறிந்திருக்கக்கூடும். பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு; இது ஈயத்தின் கார்பனேட். அக்காலத்தில் வீட்டுக்கு அடிக்கும் வெள்ளைச் சாயம் பெரும்பாலும் இதுதான். செய்முறை பழைய டச்சு முறை. மட்கலங்களில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை ஊற்றி, அதன்மேல் ஈயத் துண்டுகளை வைத்து, தோல் பதனிட்டு எஞ்சிய மரப்பட்டைத் தூளால் மூடி, அடுக்கின்மேல் அடுக்காகக் கூடம் நிறைய வைப்பார்கள். பட்டை புளித்துச் சூடேறும். கரியமில வாயு எழும். ஏறத்தாழ மூன்று திங்களில் ஈயம் வெள்ளைப் படிவாக மாறிவிடும். வேதியியல் மாணவனுக்கு அழகான வினை. ஆனால் அந்த அடுக்குகளைப் பிரிப்பதும், படிவை உதிர்த்து அரைப்பதும், உலர்ந்த பொடியைத் தட்டுகளிலிருந்து மண்வெட்டியால் வாரிப் பீப்பாய்களில் கொட்டுவதும் மனிதர் வேலை. வெண்தூள் அங்கே பனிமூட்டம் போல் நிற்கும். சிலருக்குச் சில வாரங்களிலேயே வயிற்றைப் பிசையும் சூலை வரும்; பின்பு மணிக்கட்டு செயலற்றுத் தொங்கிவிடும்; முற்றினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரும்.

முதலாளிகளும் ஆலை மருத்துவர்களும் ஒரே விடை வைத்திருந்தார்கள். தொழிலாளி கை கழுவாமல் ரொட்டி தின்கிறான், அதனால் நோய் வருகிறது. பழி நோயாளியின்மேல் போய் விழுந்தது. ஆலிஸ் இதை ஏற்கவில்லை. கையிலிருந்து வாய்க்குப் போவது கொஞ்சம், மூச்சோடு உள்ளே போவதே மிகுதி என்று நேரில் பார்த்த இடங்களைக் கொண்டு வாதாடினார். இந்த ஒரு மாற்றத்தில் எல்லாமே அடங்கியிருக்கிறது. கை அழுக்கு என்றால் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினால் போதும். காற்றில் தூசி என்றால் உறிஞ்சு குழாயும் மூடிய இயந்திரமும் வைக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

அவர் மெய்ப்பித்த முறையைக் கேளுங்கள். ஆலைப் பதிவேட்டில் நோய் இராது. நோயுற்றவன் வேலையை விட்டுப் போயிருப்பான். மருத்துவமனைப் பதிவேட்டில் நோய் இருக்கும், தொழில் இராது. ஆகவே மருத்துவமனையில் பெயரும் முகவரியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மருந்துக் கடைக்காரரைக் கேட்டார், பாதிரியாரைக் கேட்டார், சங்கத் தலைவர்களைக் கேட்டார். ஐயத்திற்கு இடமுள்ள எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. ஈறின் ஓரத்தில் கருங்கோடு தெளிவாகத் தெரிந்தாலொழிய ஈய நஞ்சு என்று எழுதமாட்டார். அந்தக் கோடு ஈய சல்ஃபைடு. நாம் முதலாண்டில் உப்புப் பகுப்பாய்வில் பார்க்கும் அதே கறுப்பு வீழ்படிவு, மனிதனின் ஈறில் படிந்திருக்கிறது. அவ்வளவு கடுமையாகக் கணக்கிட்டும், ஈயத்தால் நஞ்சேறக்கூடிய தொழில்முறைகள் இல்லினாயில் எழுபதுக்கு மேல் இருப்பது வெளிப்பட்டது. அவற்றுள் சில ஒருவரும் நினையாதவை.

குளியல் தொட்டிக்கு எனாமல் பூசுவது அவற்றுள் ஒன்று. போலந்து நாட்டவர் ஒருவர் கடும் சூலையும் இரு மணிக்கட்டுத் தளர்ச்சியுமாக மருத்துவமனையில் கிடந்தார். தொழில், எனாமல் பூசுதல். ஆலிஸ் ஆலைக்குப் போனார். எங்கள் பூச்சில் ஈயமே கிடையாது என்று சொல்லி, மரியாதையோடு உள்ளே அழைத்துப் போய்த் தொட்டிகளுக்குப் பூசும் இடத்தைக் காட்டினார்கள். அந்தப் பொருளில் சிறிது வாங்கி வந்து சோதித்தார். உண்மையாகவே ஈயம் இல்லை. வேறொருவராக இருந்தால் குறித்துக்கொண்டு அடுத்த ஆலைக்குப் போயிருப்பார். இவர் நோயாளியிடம் திரும்பிச் சென்றார். அம்மையார் பார்த்தது கடைசியில் மெருகு சரிசெய்யும் இடம். எனாமல் பூசுவது நகரின் வேறு பகுதியிலுள்ள வேறோர் ஆலையில் என்று அவர் சொன்னார். அங்கே போனால், உலையிலிருந்து செக்கச் சிவக்க வெளிவரும் தொட்டிமேல் ஆட்கள் எனாமல் பொடியைத் தூவுகிறார்கள். தூள் மேகமாக எழுகிறது. அவர்கள் அனலில் வாய் திறந்து மூச்சிரைக்கிறார்கள். அந்தப் பொடியில் கரையக்கூடிய ஈயம் 20 விழுக்காடு வரை இருந்தது.

சென்ற கோடையில் பயிற்சிக்காக ஒரு பெயிண்ட் ஆலையில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி முதல் நாள் மாலையே வந்துவிட்டது. இரவோடிரவாகத் தரை கழுவப்பட்டது. அலமாரியில் பூட்டியிருந்த முகமூடிகள் காலையில் எல்லோர் முகத்திலும் இருந்தன. நிறமிப் பொடி கொட்டும் பிரிவுக்கு அன்று விடுமுறை. வந்தவர் நல்லவர்தான். கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டார், காட்டியவற்றையெல்லாம் பார்த்தார், கையெழுத்திட்டுப் போனார். மறுநாள் முகமூடிகள் அலமாரிக்குத் திரும்பின. பொடி கொட்டுகிறவர்களுள் ஒருவர், மாலையில் வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். என் பாட்டனார் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். பால் குடித்தால் ஈயம் போய்விடும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆலிஸ் அம்மையாரின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த வெல்லத் துண்டுக்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் ஈயத் தொழிலில் பெரிய நிறுவனம் நேஷனல் லெட் கம்பெனி. அதன் தலைவர்களுள் ஒருவர் எட்வர்ட் கார்னிஷ். உங்கள் ஆலையில் ஆட்களுக்கு நஞ்சேறுகிறது என்று ஆலிஸ் சொன்னதும் அவர் சினந்தார், நம்ப மறுத்தார். அந்தப் பக்கம் போன தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு, ஈயத்தால் உனக்கு நோய் உண்டா என்று கேட்டார். முதலாளி கேட்கிறார், தொழிலாளி என்ன சொல்வார்? நோய் ஏதும் இல்லை என்றார். கார்னிஷ் வெற்றிப் பார்வை பார்த்தார். ஆயினும் அவர் ஒன்று சொன்னார்: மெய்ப்பித்துக் காட்டினால், சொல்வதையெல்லாம் செய்கிறேன். ஆலிஸ் மீண்டும் மருத்துவமனைப் பதிவேடுகளுக்குப் போனார். அவருடைய ஆலைகளில் வேலை செய்து, மருத்துவமனையில் கிடக்கும் அளவுக்கு நஞ்சேறிய 22 பேரின் விவரத்தைக் கொண்டுவந்து வைத்தார். கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியையும் ஆவியையும் அடக்கக் கருவிகள் வைத்தார். தொழிலாளரைச் சோதிக்க மருத்துவர்களை அமர்த்தினார். சட்டம் எதுவும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1911-இல் இல்லினாய் சட்டம் இயற்றியது. ஈயம், ஆர்சனிக், பித்தளை முதலியவற்றைக் கையாளும் ஆலைகள் பாதுகாப்புச் செய்ய வேண்டும். திங்கள்தோறும் மருத்துவச் சோதனை நடத்த வேண்டும். நோயைத் தெரிவிக்க வேண்டும். இதற்கிடையில், 1910-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொழில் நோய் மாநாடு. அங்கே அமெரிக்க ஈயத் தொழிலைப் பற்றிக் கட்டுரை படித்தார். ஆய்வு எப்படி நடக்கிறது, நோய்க் கணக்கு எவ்வளவு, சட்டம் என்ன என்று ஐரோப்பியர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் தொழில் நலம் என்ற ஒன்றே இல்லை என்று பெல்ஜிய அதிகாரி ஒருவர் முடித்துவிட்டார். அவமானந்தான். அந்த அவையில் இருந்த அமெரிக்கத் தொழில் ஆணையர் சார்லஸ் நீல், இல்லினாயில் செய்ததை நாடு முழுவதும் செய்யுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார்.

அந்த வேலையின் நிபந்தனைகள் வியப்பானவை. மாதச் சம்பளம் இல்லை. அறிக்கை முடிந்தபின் அரசு அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும். எந்த ஊரில் எந்த ஆலை இருக்கிறது என்ற பட்டியல் இல்லை. அவரே கண்டுபிடிக்க வேண்டும். ஆலைக்குள் நுழையும் உரிமையும் இல்லை. வாயிலில் நின்று, முதலாளியின் இசைவைக் கேட்டுப் பெற்றுத்தான் உள்ளே போக வேண்டும். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆய்வாளருக்கு நுழையும் உரிமையை எழுதிக் கொடுத்தது. தெரிவிக்க வேண்டிய நோய்கள் என்று அதன் மூன்றாம் அட்டவணையில் உள்ள பட்டியலில் முதலாவது ஈய நஞ்சு. உரிமை இல்லாத அம்மையார் கண்டவற்றையும், உரிமையோடு வந்தவர் அந்தப் பெயிண்ட் ஆலையில் கண்டவற்றையும் நான் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும் உரிமை வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கார்னிஷ் போன்றவர் ஒருவர் இருந்தார் என்றால், முகத்தில் கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். முதலாளியின் மனச்சான்றைத் தட்டி எழுப்பினால் போதும் என்று அம்மையார் நெடுநாள் நம்பினார். அந்த நம்பிக்கை சற்று மிகை என்பது என் எண்ணம். நாளடைவில் அவரும் சட்டத்தின் பக்கமே மிகுதியாகச் சாய்ந்தார்.

முதல் உலகப் போர் வந்தது. வெடிமருந்து ஆலைகள் காளான்போல் முளைத்தன. அவை இருக்குமிடம் இராணுவ இரகசியம். அரசுக்காக ஆய்வு செய்யப் போனவருக்கே முகவரி கிடைக்கவில்லை. அவர் வானத்தைப் பார்த்தார். நைட்ரிக் அமிலம் கையாளும் இடத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நைட்ரஜன் ஆக்சைடுப் புகை எழும். அந்த மேகத்தை நோக்கி நடந்தார். பிக்ரிக் அமில ஆலைத் தொழிலாளர்களுக்குக் கையும் முகமும் தலைமயிரும் மஞ்சளாகச் சாயமேறியிருக்கும். கனாரிப் பறவைகள் என்று ஊரார் பெயரிட்டிருந்தார்கள். அவர்களைத் தெருவில் கண்டால் பின்தொடர்வார். பகைவனின் ஒற்றர் இந்த வழியை அறியாமலா இருந்திருப்பார்கள்?

1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இண்டியானாவின் பெட்ஃபோர்ட் பகுதிக் கல் பட்டறைகளுக்குப் போனார். காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக் கல் செதுக்கும் ஆட்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப் போயின. அது குளிரில், அதிலும் விடியற்காலையில்தான் வரும். நண்பகலில் அலுவலகத்தில் அமர்ந்து விசாரித்தால் எல்லோர் விரலும் நன்றாகவே இருக்கும். ஆகவே கடுங்குளிரில், வேலை தொடங்கும் வேளையில் அங்கே போய் நின்று, வெளுத்த விரல்களை அவர் நேரில் பார்த்தார். அதிர்வால் வரும் அந்த நோயை இன்று எல்லா நாட்டு மருத்துவ நூல்களும் பேசுகின்றன.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைத் துணைப் பேராசிரியராக அழைத்தது. அப்பல்கலைக்கழகத்தில் பதவி பெற்ற முதல் பெண் அவர். அழைப்போடு மூன்று தடைகளும் வந்தன: ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்து ஆட்டத்துக்கு ஆசிரியருக்குரிய சீட்டு கேட்கக்கூடாது. அவரும் ஒரு நிபந்தனை போட்டார். ஆண்டில் பாதிதான் பாடம். மீதிப் பாதி ஆலைகளைப் பார்க்கப் போவேன். 1935-இல் ஓய்வு பெறும்வரை அதே துணைப் பேராசிரியர் பதவிதான், ஒருபடிகூட உயர்த்தவில்லை. 1925-இல் அவர் வெளியிட்ட தொழில் நஞ்சுகள் பற்றிய பெருநூல், அமெரிக்காவில் அத்துறைக்கு முதல் பாடநூல்.

அதே 1925-இல்தான் பெரிய தோல்வியும். பெட்ரோலில் டெட்ரா எத்தில் ஈயம் கலந்தால் இயந்திரம் இடிக்காமல் ஓடும் என்று கண்டு, 1923 முதல் விற்கத் தொடங்கியிருந்தார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் அதைச் செய்த தொழிலாளர்களுள் ஐவர் பித்தேறி இறந்தனர். அடுத்த மே மாதம் வாஷிங்டனில் மருத்துவர்களும் கம்பெனியாரும் கூடினார்கள். ஆலைக்குள்ளிருக்கும் ஈயத்தையே அடக்க முடியாதபோது, நாட்டுத் தெருக்களிலெல்லாம் அதைத் தூவுவதா என்பது ஆலிஸின் வாதம். விற்பனை சில காலம் நின்றது. பிறகு, தடை செய்யப் போதிய சான்று இல்லை என்று ஒரு குழு சொல்லவே, மீண்டும் ஓடத் தொடங்கியது. நாம் பிறப்பதற்குச் சற்று முன்புதான், 2000-இல், நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியது. கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். கைக்கடிகார முகப்பில் ரேடியச் சாயம் தீட்டித் தாடை அரித்து மாண்ட பெண்களின் வழக்குக்கும் அக்காலத்தில் அவர் துணை நின்றார். அது தனியே ஒரு கட்டுரைக்கு உரியது.

ஓய்வுக்குப் பின்னும் வாயில்களில் நிற்பதை விடவில்லை. 1937-38-இல் பென்சில்வேனியாவில் செயற்கைப் பட்டு ஆலைகளை ஆய்ந்தார். விஸ்கோஸ் செய்யப் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடு மூளையைத் தாக்கித் தொழிலாளரைப் பித்தராக்குகிறது என்று அறிந்திருந்தார். பித்துப் பிடித்தவரைக் குடும்பமே மறைத்துவிடும். நோய்க்கும் ஆலைக்கும் உள்ள தொடர்பு யார் நினைவுக்கும் வராது. அதைத் தொடர்புபடுத்திக் காட்டியபோது அவருக்கு வயது 69.

பிறகு கனெக்டிகட்டில் ஆற்றங்கரை வீடொன்றில் தங்கை மார்கரெட்டுடன் வாழ்ந்தார். 1943-இல் தம் வரலாற்றை எழுதினார். வியட்நாம் போரை நிறுத்தச் சொல்லும் கடிதத்தில் 1963-இல் கையெழுத்திட்டார். 1970 செப்டம்பர் 22-ஆம் நாள், 101-ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 29-இல் அமெரிக்காவில் தொழிற்பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. வேலை நடக்கும் இடத்திற்குள் ஆய்வாளர் நுழையவும் தொழிலாளரைத் தனியே அழைத்துக் கேட்கவும் அது உரிமை தந்தது. ஆய்வாளர் வரும் செய்தியை அனுமதியின்றி முன்கூட்டிச் சொல்பவருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம், அல்லது ஆறு திங்கள் வரை சிறை, அல்லது இரண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது.